பச்சைத் துணி கட்டிய பெட்ரோல் டேங்க்

அருப்புக்கோட்டை வட்டாரத்து மெக்கானிக்குகள் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். நான் வேலையை விட்டுவிட்டேன் என்பது அதில் எல்லோருக்கும் தெரியும். முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணுகின்றன. வண்டிக்கு அடியில் படுத்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். இருந்தாலும் என்னைக் குழுவிலிருந்து நீக்க யாருக்கும் மனசு வரவில்லை. காலை வணக்கப் படங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓரமாக இருந்துகொண்டிருந்தேன். போன வாரம் காரியாபட்டித் தம்பி ஒருவன் என் பெயரைப் போட்டே கேட்டுவிட்டான்.

"சுப்பையாண்ணே, பழைய கார்பரேட்டர் வண்டி ஒண்ண ரேஸுக்கு ரெடி பண்றோம். மெக்கானிக்கல் பம்ப்பு போடவா, எலெக்ட்ரிக் பம்ப்பு போடவா? ஒத்த வரியில சொல்லுங்க."

ஒத்த வரியில் சொல்வதற்காக உட்கார்ந்தேன். 'எலெக்ட்ரிக்' என்று அடித்தேன், அழித்தேன். 'மெக்கானிக்கல்' என்று அடித்தேன், அதையும் அழித்தேன். 'வண்டியைப் பொறுத்தது' என்று அடித்துவிட்டு, இதைச் சொல்ல நான் எதற்கு என்று அதையும் அழித்தேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "என்ன, கலியாணப் பத்திரிகையா அடிக்கிறீக? காப்பி ஆறிப்போச்சு" என்றாள். இன்றுவரை அந்தத் தம்பிக்குப் பதில் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதி முடிக்கும்போதாவது எனக்குத் தெளிவு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

நான் பரளச்சிக்காரன். வானம் பார்த்த பூமியில் மிளகாயும் பருத்தியும் போட்டு, பெய்த வருஷம் சிரித்து, பெய்யாத வருஷம் வாய் மூடி இருந்த குடும்பம். பள்ளிக்கூடம் எனக்கு ஒட்டவில்லை. அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டில் சேவியர் முதலாளியின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். மண்ணெண்ணெயில் நட்டு கழுவினேன், டயர் கழற்றினேன், திட்டு வாங்கினேன், ஒரு கட்டத்தில் கார்பரேட்டரைத் திறந்து மூட விட்டார்கள். அதற்குப் பிறகு அங்கேயே இருந்து அங்கேயே நரைத்தேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

சேவியர் முதலாளியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டையில் கிரீஸ் பட்டு நான் பார்த்ததில்லை. மனுஷர்களை ஏலே, வாலே என்று கூப்பிடுவார். என்ஜினை மட்டும் 'இவுக' என்பார். பானெட்டைத் தூக்கினதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, "என்ன, இவுகளுக்கு மேலுக்கு முடியலையா?" என்று விசாரிப்பார். இருமினால், "இவுகளுக்குச் சளி பிடிச்சிருக்கு, காத்து வர்ற வழியப் பாரு" என்பார். ஒரு முடிவு சொன்னால் அவ்வளவு உறுதியாகச் சொல்வார். மறுநாள் அதற்கு நேர்மாறான முடிவை அதே உறுதியோடு சொல்வார். 'தெரியவில்லை' என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. பல வருஷம் அவரிடம் வேலை பார்த்தவனுக்குக் குழப்பம் கூடவே பிறந்தது மாதிரி ஆகிவிடும்.

அவருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஓடாத வண்டி எது வந்தாலும் முதலில் டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். மீட்டர் முள்ளை நம்பக்கூடாது. "மொதல்ல வயித்தப் பாரு. பசியில கிடக்கறவுகளுக்கு ஊசி போட்டு என்ன பண்ண?" என்பார். இது முதல் சட்டம்.

இரண்டாவது, வண்டியில் வீட்டுக்காரர்கள் கட்டியதை நாம் கழற்றக்கூடாது. கழற்றியே ஆக வேண்டும் என்றால் கையைக் கழுவிவிட்டுக் கழற்றி, இருந்தபடியே திரும்பக் கட்டிவிட வேண்டும். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு எல்லா வீட்டு வண்டியும் வரும். ஒன்றில் எலுமிச்சம்பழம், ஒன்றில் ஜெபமாலை, ஒன்றில் தர்கா கயிறு, ஒன்றில் குலசாமி கோயில் மஞ்சள் துணி. முதலாளி கிறிஸ்தவர், ஆனால் எலுமிச்சம்பழம் உருண்டு கீழே விழுந்தால் அவரே எடுத்துத் துடைத்து வைப்பார். "அவுக அவுக நம்பிக்கை. நமக்கு நட்டும் போல்ட்டும் போதும்" என்பார். நல்ல சட்டங்கள். இன்றைக்கும் நான் ஒன்றையும் குறை சொல்ல மாட்டேன். இந்த இரண்டு நல்ல சட்டங்களும் சேர்ந்துதான் எங்களைச் சந்தியில் நிறுத்தின.

ஒரு கோடையில் நசீர் வந்தான். அவன் அத்தா, அதாவது அப்பா ஓட்டிய பழைய பெட்ரோல் காரைக் கொண்டுவந்தான். வளைகுடாவில் ஏதோ ஒரு கராஜில் வேகக் கார்களை டியூன் பண்ணுகிற வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்தவன். வந்ததும் அந்தக் காரைப் பிரித்து, சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி, பெரிய கார்பரேட்டர் வைத்து, சத்தத்தையே மாற்றியிருந்தான். முதலாளி பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவுக யாரு, புது ஆளா இருக்காக!" என்றார்.

நசீருக்கு வேண்டியது ஒன்றுதான். காரியாபட்டிப் பக்கம் தரிசு நிலத்தில் மண் தடம் போட்டுக் கார்ப் பந்தயம் நடத்தப்போகிறார்கள். மதுரையில் ரேஸ் கார் கட்டுகிற ஒருவர் பார்க்க வருகிறார். அவருக்கு டியூன் பண்ணவும் ஓட்டவும் தெரிந்த ஓர் ஆள் தேவை. "உன் வண்டி முழுசா ஓடி முடிக்கட்டும், மிச்சத்தைப் பேசுவோம்" என்று சொல்லியிருக்கிறார். வேலை கிடைத்தால் நசீர் ஊரோடு தங்கிவிடலாம். கிடைக்காவிட்டால் லீவு முடிந்ததும் விமானம் ஏற வேண்டும்.

"கலியாணமாகி நான் வீட்ல இருந்ததவிட ஏர்போர்ட்ல இருந்ததுதாண்ணே ஜாஸ்தி. ரஹ்மத்து ஒண்ணும் கேக்க மாட்டா. பெட்டியக் கட்டும்போது மட்டும் அடுப்படிய விட்டு வெளிய வர மாட்டா" என்றான். ரஹ்மத் அவன் மனைவி. அதை அவன் ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

வண்டிக்கு ஒரே ஒரு கோளாறு. டவுனுக்குள் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் பூ மாதிரி ஓடும். வெளியே போய் முறுக்கி ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் திணறி நின்றுவிடும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கிற கார்பரேட்டருக்குப் பெட்ரோல் வந்து சேரவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஏன் சேரவில்லை என்பதுதான் கேள்வி. பந்தய வண்டிக்குப் பெட்ரோல் பம்ப்புதான் குடிநீர்க் குழாய். அதனால் இரண்டு பம்ப்பையும் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மெக்கானிக்கல் பம்ப்பு என்ஜினின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். என்ஜின் சுற்றும்போது ஒரு கை மாதிரியான தகடு ஏறி இறங்கி, உள்ளே இருக்கிற ரப்பர் சவ்வை இழுக்கும். சவ்வு இழுக்கிற இழுப்பில் பின்னால் டேங்க்கிலிருந்து பெட்ரோல் முன்னால் வரும். என்ஜின் நின்றால் பம்ப்பும் நின்றுவிடும்; அதனால் ஆபத்தில்லாதது. ஆனால் என்ஜின் சூடு முழுக்க அதன் மேல் அடிக்கும். எங்கள் பக்கத்துக் கோடையில் பெட்ரோல் பம்ப்புக்குள்ளேயே ஆவியாகிவிடும். சவ்வு ஆவியை இழுத்துக்கொண்டு கிடக்கும், பெட்ரோல் வராது. அந்தக் காலத்து டிரைவர்கள் ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய வேட்டித் துணியும் கையோடு வைத்திருந்ததற்குக் காரணம் இதுதான். ஈரத்துணியை பம்ப்பின் மேல் சுற்றி, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் வண்டி கிளம்பிவிடும்.

எலெக்ட்ரிக் பம்ப்பு பின்னால் டேங்க் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பேட்டரி கரண்ட்டில் டிக் டிக் என்று அடித்துப் பெட்ரோலை முன்னால் தள்ளிவிடும். என்ஜின் சூடு அதற்குப் படாது. அதற்கு வேறு தொல்லைகள். தள்ளுகிற வேகம் கூடினால் கார்பரேட்டரின் ஊசி தாங்காமல் பெட்ரோல் பொங்கி வழியும். என்ஜின் நின்ற பிறகும் சாவி போட்டிருந்தால் தள்ளிக்கொண்டே இருக்கும். வண்டி கவிழ்ந்து குழாய் அறுந்தால் சூடான என்ஜின் மேலேயே பெட்ரோலைக் கொட்டும்.

முதல் நாள் மெக்கானிக்கல் பம்ப்போடுதான் வண்டி இருந்தது. முதலாளி சட்டப்படி முதலில் டேங்க் மூடியைத் திறந்தேன். மூடிக்குக் கீழே, டேங்க்கின் வாயை மூடி கெட்டியான பாலித்தீன் ஒன்று இருந்தது. அதைச் சுற்றிப் பச்சைத் துணியைக் கிழித்துக் கட்டி மூன்று முடிச்சுப் போட்டிருந்தது. முதலாளி பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"தர்காவுல நேர்ந்து கட்டியிருக்காக. ஏலே, கையக் கழுவிட்டு வா."

நசீரைக் கேட்டோம். அவன் கார்பரேட்டருக்குள் தலையை விட்டபடியே, "வீட்ல கட்டியிருப்பாக" என்றான். போதாதா? நான் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, முடிச்சை அவிழ்த்து, பெட்ரோலைப் பார்த்துவிட்டு, அதே மூன்று முடிச்சைப் போட்டு மூடினேன்.

திருச்சுழி ரோட்டில் ஏறினோம். நசீர் முறுக்கினான். கொஞ்ச தூரம்தான், திணறி நின்றது. முதலாளி பின்னால் இன்னொரு காரில் வந்தார். இறங்கினதும், "வயித்தப் பாரு" என்றார். மூடியைத் திறந்து முடிச்சை அவிழ்த்தேன். 'உஸ்' என்று ஒரு சத்தம். "பாத்தியா, பெட்ரோல் கொதிச்சு ஆவி வருது. இவுகளுக்குச் சூடு தாங்கல" என்றார். நான் முடிச்சைப் போட்டேன். பம்ப்புக்கு ஈரத்துணி சுற்றினோம். கிளம்பியது. ஈரத்துணிதான் கிளப்பியது என்று மூன்று பேரும் நம்பினோம். வேறு என்ன நினைப்பது? எங்கள் ஊரில் மே மாதம் அது.

"எலெக்ட்ரிக் பம்ப்புதான். பேச்சே இல்ல" என்றார் முதலாளி.

அதைப் பொருத்தின விதத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. நான் செய்த வேலைகளில் சுத்தமானது அது. டேங்க்கின் அடி மட்டத்துக்கும் கீழே, சைலன்சர் போகாத பக்கத்தில், ரப்பர் வைத்துச் சட்டத்தில் முறுக்கினேன். பம்ப்புக்கு முன்னால் ஒரு வடிகட்டி. உள்ளே பெட்ரோல் ஓடுவது தெரிகிற கண்ணாடி வடிகட்டி. கார்பரேட்டருக்கு முன்னால் அழுத்தத்தைக் குறைக்கிற ரெகுலேட்டர். பிறகு கரண்ட். நசீர், "அண்ணே, சாவியிலிருந்து டைரக்ட்டாக் குடுத்துருங்க" என்றான். எங்கள் தொழிலில் டைரக்ட் கொடுப்பது பெரிய வியாதி. சுவிட்ச் கெட்டால் டைரக்ட், ரிலே கெட்டால் டைரக்ட், ரேடியேட்டர் ஃபேன் எல்லா வண்டியிலும் டைரக்ட்.

முதலாளி முகம் சிவந்துவிட்டது. "ஏலே, இவுக மூச்சு நின்னப்புறம் பம்ப்பு ஓடுனா, வண்டி கவுந்த அன்னைக்கு நீ கருகிப் போவ. உன் வீட்டுக்கு நான் போயி என்ன சொல்ல?" என்று கத்தினார். ஆயில் அழுத்தம் இருந்தால்தான் பம்ப்புக்குக் கரண்ட் போகிற மாதிரி ஒரு சுவிட்ச் வைக்கச் சொன்னார். என்ஜின் நின்றால் ஆயில் அழுத்தம் போகும், கரண்ட்டும் போகும். முதல் தடவை கிளப்புவதற்கு மட்டும் விரலை எடுத்தால் அணைந்துவிடுகிற ஒரு பொத்தான். அவர் சொல்லச் சொல்ல நான் வயரைப் பின்னினேன். அன்று சாயங்காலம் பம்ப்பு அடித்த சத்தம் எனக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

குழாயை ஒரு பாட்டிலில் விட்டு ஓட்டிப் பார்த்தோம். பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தச் சோதனைக்கு முன்னாலும் சட்டப்படி மூடியைத் திறந்து முடிச்சை அவிழ்த்து வைத்திருந்தேன். ஒர்க்‌ஷாப்பில் பண்ணின எல்லாச் சோதனையும் மூடி திறந்தே நடந்தது, எல்லாமே தேறியது.

நரிக்குடி ரோட்டில் கொண்டுபோனோம். முன்னைவிடக் கூடுதல் தூரம் ஓடியது. நசீர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பின்னால் 'டொம்' என்று ஒரு சத்தம் கேட்டது. கல் தெறித்தது என்று நினைத்தோம். டிக் டிக் சத்தம் திணறலாக மாறியது, கண்ணாடி வடிகட்டி காலியானது, வண்டி நின்றது. நான் இறங்கி, பாட்டில் தண்ணீரில் கையைக் கழுவி, முடிச்சை அவிழ்த்தேன். உஸ். கூடவே இன்னொரு 'டொம்'. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், "உங்க வண்டி ஏப்பம் விடுது" என்றார். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு இப்போதும் வரிசையாக வருவதில்லை. எலெக்ட்ரிக் வேண்டாம், மெக்கானிக்கலே இருக்கட்டும் என்றார் முதலாளி. மாற்றினேன். நின்றது. இரண்டும் இருக்கட்டும், பின்னது தள்ளட்டும், முன்னது இழுக்கட்டும் என்றார். ஒன்றன் பின் ஒன்றாக வைத்தேன். அப்படி வைப்பவர்கள் உண்டு, தவறில்லை. அதுவும் நின்றது. டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டால் சீக்கிரம் நின்றது. கால் டேங்க்தான் இருந்தது என்றால் வெகு தூரம் ஓடியது. இது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. பெட்ரோல் கூடினால் பட்டினி, குறைந்தால் விருந்தா? வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்காது. என் மனைவி, "அந்த வண்டிய குறி சொல்ற கோடங்கிகிட்டக் காட்டுங்க" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். நான் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தேன்.

ஒருநாள் மட்டும் அது நிற்கவே இல்லை. அன்று பெட்ரோல் பங்க்கில் நான் பாலித்தீனை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பங்க்கில் இருந்தவர் அவசரமாக மூடியை மட்டும் போட்டு முறுக்கிவிட்டார். பாதி வழியில்தான் எனக்கு நினைவு வந்தது. நேர்ச்சைத் துணியைப் பையில் வைத்துக்கொண்டு இந்த வேகத்தில் போகிறோமே, ஏதாவது ஆகிவிட்டால் என்று பையை ஒரு கையால் பொத்திக்கொண்டேன். வண்டியோ திருச்சுழி போய்த் திரும்பி வந்து, இன்னொரு தடவையும் போய் வந்தது. திரும்பினதும் முதல் வேலையாகக் கையைக் கழுவிவிட்டுக் கட்டினேன். அன்று வானம் மூட்டமாக இருந்தது. "பாத்தியா, வெயில் இல்ல. சூடுதான்னு நான் அன்னைக்கே சொல்லல?" என்றார் முதலாளி.

டேங்க் மூடியில் ஊசி முனை அளவு ஒரு துளை இருக்கும். பெட்ரோல் வெளியே போகப் போக அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டேங்க் தன்னைத்தானே உறிஞ்சிக்கொள்ளும், பெட்ரோலை விடாது. இது எனக்குத் தெரியாதா? ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த வருஷமே தெரியும். முதலாளிக்குத் தெரியும், நசீருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனால் மூன்று பேர் கண்ணுக்கும் அது பாலித்தீனாகத் தெரியவில்லை. நேர்ச்சையாகத்தான் தெரிந்தது.

பந்தய நாள் வந்தது. காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று. எந்த பம்ப்பில் ஓட்டுவது என்று தடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இன்னும் பேசிக்கொண்டிருந்தோம். முதலாளி மெக்கானிக்கல் என்றார், நசீர் எலெக்ட்ரிக் என்றான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "ரெண்டும் இருக்கட்டும்" என்றேன். தெளிவாகச் சொன்னதாக அவர்கள் நினைத்திருக்கலாம். எனக்கு ஒன்றும் தெரியாததால் சொன்னது அது. நடுவில் எதுவும் குறையக்கூடாது என்று முதலாளி டேங்க்கை நிரப்பச் சொன்னார். நிரப்பினேன், கையைக் கழுவினேன், மூன்று முடிச்சுப் போட்டேன்.

மதுரைக்காரர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து நின்றார். நசீர் கிளம்பின கிளம்பலைப் பார்த்து அவரே கண்ணாடியைக் கழற்றினார். வளைவுகளில் அந்தப் பழைய வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வழுக்கித் திரும்பியதை நான் வாயைப் பிளந்து பார்த்தேன். முன்னால் போன இரண்டு வண்டிகளை முந்தினான். கூட்டம் கத்தியது. முதலாளி என் தோளைப் பிடித்து நசுக்கினார். பிறகு அந்தத் திணறல் கேட்டது. எனக்கு அது வெகு தூரத்திலிருந்தே கேட்கும். வண்டி தடத்தின் ஓரமாக ஒதுங்கி நின்றது. மற்ற வண்டிகள் அதைத் தாண்டிப் போயின.

மதுரைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஓட்டுறாப்ல. ஆனா வண்டிய முடிக்கத் தெரியலையே" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். மதியம் வரைக்கும் இருங்கள் என்று முதலாளி கூடவே ஓடினார். அவர் யாருக்காகவும் ஓடி நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கார் போய்விட்டது.

மதியச் சாப்பாட்டுக்கு ரஹ்மத் வந்தார். தூக்குவாளியில் நெய்ச்சோறும் தாளிச்சாவும். காலையில் நடந்தது அவருக்குத் தெரியாது. நசீர் தடத்தின் ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இலையைப் போட்டார். நான் மதியச் சுற்றுக்காக டேங்க்கைத் திறக்கப் போனேன். பாட்டில் தண்ணீரை ஊற்றிச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன்.

"சாப்புடத்தான் கை கழுவுறீகன்னு பாத்தேன். டேங்க்கத் திறக்கவா கழுவுறீக?" என்றார் ரஹ்மத்.

"நேர்ச்சைத் துணியாச்சே தங்கச்சி. அழுக்குக் கையோட தொடலாமா?"

"என்ன நேர்ச்சை?"

"இந்தா, நீங்க பச்சைத் துணியில கட்டுனது. தர்காவுல நேந்து..."

அவர் என்னையும் டேங்க்கையும் மாறி மாறிப் பார்த்தார். "தர்காவும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே. அவுக அங்கிட்டுப் போயிருந்தப்ப வண்டி சும்மாதான நின்னுச்சு. கொட்டாயிக்குள்ள ஒரே கரிசப் புழுதி. மூடியில ஓட்டை வேற இருந்துச்சு, அது வழியா புழுதி போயிரும்னு பாலித்தீனப் போட்டு இறுக்கிக் கட்டுனேன். பச்சை என் பழைய தாவணிண்ணே."

மூடியைத் திறந்து முடிச்சை அவிழ்த்தேன். உஸ். இந்தத் தடவை அவிழ்ந்த பாலித்தீனின் ஓரத்தை விரலில் பிடித்துப் பார்த்தேன். காற்று வெளியே வரவில்லை. பாலித்தீனை உள்ளே இழுத்துக்கொண்டு போனது. இத்தனை நாளும் அது உள்ளே போன மூச்சு. நாங்கள் வெளியே வந்த ஆவி என்று நம்பியிருந்தோம். மெதுவாகப் போனால் முடிச்சின் இடுக்கில் கசிந்த காற்றே போதுமாக இருந்திருக்கிறது; டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்று கொஞ்சம்தான், அதனால் சீக்கிரம் நின்றது; அந்த 'டொம்' டேங்க்கின் தகடு ஒடுங்கி நிமிர்ந்த சத்தம்.

முதலாளியும் நசீரும் வந்து நின்றார்கள். நசீர்தான் முதலில் சிரித்தான். அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தான். ரஹ்மத்துக்கு விஷயம் மெதுவாகப் புரிந்தது. "நானா நிறுத்துனேன்? தினம் நின்னது என்னாலயா?" என்றார். நசீர், "இல்ல பிள்ள, இல்ல" என்று சொல்லிக்கொண்டே சிரித்தான். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார். முதலாளி அவர் பக்கத்தில் போய், "நாங்க மூணு மடையங்க பக்கத்துல இருந்தோம் தாயி. நீ ஒத்த ஆளு என்ன பண்ணுவ?" என்றார்.

மதியச் சுற்றில் நசீர் மூடியை மட்டும் போட்டு ஓட்டினான். நிற்கவில்லை. முதலாவதாக வந்தான். அவ்வளவு வெயில், மூட்டம் இல்லை, ஈரத்துணி இல்லை. பார்க்க வேண்டியவர் அங்கே இல்லை. முதலாளி மதுரைக்குப் போன் பண்ணிப் பண்ணிக் கேட்டார். "வேற ஆளப் பேசிட்டோம் அண்ணாச்சி" என்று பதில் வந்தது. லீவு முடிந்தது. நசீர் விமானம் ஏறினான். என் வாழ்க்கையில் எத்தனையோ வண்டியைச் சரி பண்ணிக் கொடுத்திருக்கிறேன். சரியான பிறகு இவ்வளவு வருத்தப்பட்டது அந்த ஒரு வண்டிக்குத்தான்.

முதலாளி இப்போது இல்லை. கடைசிவரை அவர் அதைச் சூடு என்றே சொன்னார். "சூடும் இருந்துச்சு, துணியும் இருந்துச்சு" என்பார். யோசித்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. பாலித்தீன் இல்லாமலே நாங்கள் ஓட்டியது இரண்டே தடவை. மெக்கானிக்கல் பம்ப்பு மட்டும் இருந்தால் அந்த மதியத்தைத் தாங்கியிருக்குமா? எலெக்ட்ரிக் மட்டும் போதுமா? மற்றபடி ரோட்டில் நாங்கள் சோதித்ததெல்லாம் வாயைக் கட்டின டேங்க்கில். அந்தச் சோதனைகளை வைத்து நான் யாருக்கு என்ன சொல்வது? காரியாபட்டித் தம்பி கோபித்துக்கொள்ளக்கூடாது. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அந்தக் கார் இன்னும் நசீர் வீட்டுக் கொட்டகையில்தான் நிற்கிறது. இரண்டு பம்ப்பும் அதிலேயே இருக்கின்றன. ஓட்டாமல் நின்றால் கெட்டுப்போகும் என்று ரஹ்மத் அவ்வப்போது கூப்பிடுவார். போய்க் கிளப்பி ஓடவிட்டு வருவேன். போன ஞாயிற்றுக்கிழமையும் போனேன். பெட்ரோல் பார்க்க மூடியைத் திறந்தால், அதே பச்சைத் துணி, மூன்று முடிச்சு. பாலித்தீன் மட்டும் புதுசு.

"என்ன தங்கச்சி, திரும்பவுமா?" என்றேன்.

"நல்லாப் பாருங்கண்ணே" என்றார்.

குனிந்து பார்த்தேன். பாலித்தீனின் நடுவில் ஊசியால் ஒரு துளை போட்டிருந்தது.

"அவுக வர்ற வரைக்கும் புழுதி போயிரக்கூடாது. அதுக்காக மூச்சு முட்டிரவும் கூடாதுல்ல" என்றார் ரஹ்மத்.

முடிச்சை அவிழ்த்துப் பெட்ரோலைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். முதல் சாவிக்கே பிடித்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தேன். பிறகு வாசல் குழாயில் போய், சோப்புக் கேட்டு வாங்கிக் கையைக் கழுவிவிட்டு வந்து, அந்த மூன்று முடிச்சையும் போட்டேன்.